கடைவரம்பு வரை ஒரே ஊர்: குமரியில் மழை, வெயில், நோய்

களியக்காவிளையில் பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரியில் இறங்கும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாலும், ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று பெயர்ப்பலகைதான் மாறும். கடை, வீடு, சர்ச், கோயில், பள்ளிவாசல், மறுபடியும் வீடு. உள்ளே பிரியும் எந்த ரோட்டில் திரும்பினாலும் இதுதான் காட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தார்கள். அவர்களில் 82.3 சதவீதம் பேர் நகர்ப்புறத்தினர் என்று பதிவானது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நகர்மயமான மாவட்டம் இதுதான். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 1,111 பேர். மாவட்டத்தில் கணிசமான பகுதி யாரும் வீடு கட்ட முடியாத காடும் மலையும் என்பதால், சமவெளியில் உண்மையான நெருக்கம் இதைவிட அதிகம்.

ஆனால் இந்த நகர்ப்புற மக்கள் எல்லாரும் ஒரு நகரத்தில் இல்லை. ஒரு மாநகராட்சி, சில நகராட்சிகள், 50-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இதனால் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் விதியைப் பாருங்கள். மாநிலத் தலைநகரம், மாவட்டத் தலைநகரம், 50,000-க்கு மேல் மக்கள் வாழும் ஊர்கள் ஆகியவைதான் அதன் வரம்புக்குள் வரும். அதற்குக் கீழே உள்ள ஊர்களைக் கிராமப்புற சுகாதார அமைப்பே பார்த்துக்கொள்ளும். 2011 கணக்கின்படி குமரியில் அந்த வரம்பைத் தாண்டிய ஊர் 2,24,849 பேர் வாழ்ந்த நாகர்கோவில் ஒன்றுதான். குளச்சலும் பத்மநாபபுரமும் குழித்துறையும் இருபது ஆயிரத்தை ஒட்டிய சிறிய நகராட்சிகள். அப்படியென்றால் சுமார் 13 லட்சம் பேர் கணக்கெடுப்புக்கு நகரத்தவர், சுகாதார இயக்கத்துக்குக் கிராமத்தவர்.

மற்ற திட்டங்களிலும் இதே நிலைதான். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக 2015-இல் வந்த அம்ருத் திட்டத்தின் முதல் கட்டம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ள நகரங்களுக்கு. நாகர்கோவிலுக்குக் கிடைத்தது, மற்ற ஊர்களுக்கு இல்லை. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நாகர்கோவிலுக்கும் இடமில்லை. சரி, கிராமம் என்றாவது நடத்துகிறார்களா என்றால் அதுவும் பாதிதான். நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு உரியது. பேரூராட்சி எல்லைக்குள் வாழும் விவசாயக் கூலிக்கு, அவர் வேலை செய்வது வயலிலும் விளை என்கிற தோட்டத்திலும்தான் என்றாலும், அது கிடையாது.

நியாயமாகச் சொன்னால் இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு. கிராமப்புற விதிப்படி 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற விதிப்படி 50,000 பேருக்கு ஒன்று. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார், கர்ப்பிணியின் பெயர் அவருக்குத் தெரியும். குமரியின் தடுப்பூசியும் பிரசவப் பாதுகாப்பும் நன்றாக இருப்பதில் இந்தச் செவிலியர்களின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மாவட்டத்தின் குறை மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. சாக்கடை, குப்பை, கிணறு, குளம், வீட்டுக் கூரை, வேலை செய்யும் இடத்தின் சூடு ஆகியவற்றை யார் பார்ப்பது என்பதில் இருக்கிறது. காலநிலை மாறும்போது நோய் முதலில் அந்த வழிகளில்தான் வருகிறது.

நோய் பேரூராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. குமரியில் அது பெரும்பாலும் தண்ணீர் போகும் வழியில் போகிறது. அதனால் திட்டமும் அந்த வழியை ஒட்டியே அமைய வேண்டும், அதுவும் அந்த வழியின் கடைசியில் இருப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். பாசனக் கால்வாயான சானலில் தண்ணீர் திறந்துவிட்டால் நம் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி, 'கடைவரம்புக்கு வந்து சேர்ந்ததா?', அதாவது கடைசி வயல்வரை வந்ததா என்பது. பொது சுகாதாரத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டிலிருந்து பார்ப்போம். குமரியில் வீடுகள் தெருவாகச் சேர்ந்து நிற்பதைவிட, ஆளுக்கொரு விளையில் தனித்தனியாக நிற்பதே அதிகம். அந்த விளையில் சொந்தக் கிணறு, நான்கு தென்னை, ஒரு பலா, பின்னால் கக்கூஸ் குழி. அரை ஏக்கர் விளையில் இந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடந்தது. தாத்தாவின் ஐம்பது சென்ட் அப்பாவின் காலத்தில் பங்கு பிரிந்து, இப்போது பேரன் ஐந்து சென்ட்டில் வீடு கட்டுகிறான். ஐந்து சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு 14 மீட்டர். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று பக்கத்துக் கேரளத்தின் கட்டட விதி சொல்கிறது. நம் மனைக்குள் அதைக் கஷ்டப்பட்டுக் கடைப்பிடிக்கலாம். ஆனால் நம் குழி பின்மூலையில் இருந்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது? வலப்பக்கத்து வீட்டுக் கிணறு? மூன்று சென்ட், இரண்டு சென்ட் மனைகளில் கேட்கவே வேண்டாம்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வெட்டுக்கல் நிறைந்த மண். அதில் துளைகளும் இடுக்குகளும் அதிகம் இருப்பதால் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கும். கழிவுநீர் மெதுவாக வடிந்து, மண்ணிலேயே கிருமிகள் மடிய வேண்டுமென்றால் அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் இங்கே குறைவு. பெருமழையில் நிலத்தடி நீர் மேலேறி, கழிவுக்குழியின் அடியைத் தொட்டுவிட்டால் குழியும் கிணறும் ஒரே தண்ணீர்தான். மழைக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை, டைபாய்டு எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இந்த மண்ணிலும் மனையளவிலும்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் பாதாள சாக்கடை வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. மற்ற ஊர்களுக்கோ அப்படி ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. இத்தனை சிதறிய வீடுகளுக்குக் குழாய் பதிப்பது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அப்படியென்றால் மாற்று என்ன? கழிவுக்குழியை முறையாகக் கட்டுவதும், ஒழுங்காகக் கழிவை எடுப்பதும், அந்தக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களைப் பல பேரூராட்சிகள் சேர்ந்து அமைப்பதும்தான். அது இல்லாத இடத்தில் கழிவு லாரி ராத்திரியில் எங்கே போகிறது என்பது ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

கிணறு இந்த மண்ணில் சமத்துவத்தின் கதையும்தான். சாதியின் பெயரால் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் மக்கள் தடுக்கப்பட்ட காலத்தில், எல்லாச் சாதியினரும் சேர்ந்து பயன்படுத்த சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தினார் அய்யா வைகுண்டர். 1851-இல் அவர் மறைந்தார், அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. தண்ணீர் யாருக்கு, எந்தத் தரத்தில் என்ற கேள்வி குமரிக்குப் புதிதில்லை. இன்று அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் நிற்கிறது. ஆழ்துளைக் கிணறும் சுத்திகரிப்பு இயந்திரமும் வைத்தவருக்கு ஒரு தண்ணீர், மூன்று சென்ட் வீட்டின் பழைய கிணற்றை நம்பியவருக்கு இன்னொரு தண்ணீர்.

இனி வீட்டை விட்டு வெளியே வருவோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்து இறங்கும் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, பட்டணங்கால் என்று பிரிந்து, மாவட்டத்தில் 2,000-க்கும் மேல் இருந்த குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைத்து, வயல் வழியாகப் போய்க் கடலைச் சேரும். ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் வெள்ளத்தைத் தாங்கியது இந்த ஏற்பாடுதான். பாசனத்துக்காக வெட்டிய குளங்களே வெள்ளத் தடுப்பாகவும் நிலத்தடி நீரின் வைப்பாகவும் இருந்தன.

அந்தக் குளங்களில் பல இன்று இல்லை. மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல், சுமார் 6,500 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. வயலில் முதலில் வாழை வைப்பார்கள், அப்புறம் தென்னை, அப்புறம் மண்ணடித்து பிளாட். நான்கு வழிச்சாலையும் குளங்களையும் வயல்களையும் கடந்துதான் போடப்பட்டது. நாகர்கோவிலில் ஒவ்வொரு பெருமழைக்கும் செய்தியில் வரும் பெயர்களைக் கவனியுங்கள்: ஒழுகினசேரி, மீனாட்சி கார்டன். பழையாற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் எழுந்த குடியிருப்புகளுக்கு ஆறு ஏறி வருவது ஆச்சரியமில்லை, அது தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது. 2021 நவம்பரில் மாவட்டமே தண்ணீரில் நின்றது, ரயில் பாதையில் மண் சரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழை குமரியையும் விடவில்லை.

நாகர்கோவிலின் கழிவை வாங்கிக்கொண்டு பழையாறு சுசீந்திரம் தாண்டி மணக்குடிக் காயலில் கலக்கிறது. 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் இந்த ஆற்றுச் சமவெளியில்தான் இருக்கின்றன. வெளிநாட்டுப் பறவைகளுக்காக அந்த அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ச்சிதான். அதே குளங்களின் ஓரத்தில் துணி துவைப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், ஆற்றின் கடைசியில் மணக்குடியில் வாழ்பவர்கள் ஆகியோரின் உடல்நலத்தையும் அந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் எழுத வேண்டும். மேலே நகரம் வெளியேற்றுவதைக் கீழே அவர்கள்தான் தொடுகிறார்கள்.

வெள்ளம் வடிந்தபின் வரும் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். எலி மட்டுமல்ல, மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக உடலுக்குள் போய்விடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. அப்போதே மருந்து எடுத்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் தீரும். சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை வாங்கித் தின்று நாளைக் கடத்தினால் கல்லீரலும் சிறுநீரகமும் போகும். யாருக்கு வருகிறது? சானல் தூர்வாருபவர், வயலில் நாற்று நடுபவர், சாக்கடை அள்ளும் தூய்மைப் பணியாளர், வெள்ளத்தில் மூழ்கிய வீட்டைக் கழுவும் பெண். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே பெருமளவில் கொடுத்தார்கள். குமரியிலும் தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களின் பட்டியல் மழைக்கு முன்பே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை உரிய நாளில் கொடுத்துவிடலாம். ரப்பர் பூட்ஸும் கையுறையும் கொடுப்பது அதைவிட முக்கியம். நாள் கூலிக்கு வரும் ஒப்பந்தப் பணியாளருக்கு அது இன்னும் உரிமையாகவில்லை, யாராவது மனது வைத்தால் கிடைக்கும் பொருளாகவே இருக்கிறது.

டெங்குவுக்கு இங்கே தனி முகம் இருக்கிறது. சென்னையில் டெங்கு என்றால் தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டி என்று தேடுவார்கள். குமரியில் அதோடு ரப்பர் தோட்டத்தையும் தேட வேண்டும். குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் வீட்டை ஒட்டியே ரப்பர். ஒரு ஏக்கரில் 180, 200 மரம் நிற்கும், பால் வடிய மரத்துக்கு ஒரு சிரட்டை. மழை வலுத்தால் பால்வெட்டு நின்றுவிடும். சிரட்டையைக் கவிழ்த்து வைக்காமல் போனால் ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தோட்டத்தில் பகலில் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற வகைக்கு மர நிழலும் சிரட்டைத் தண்ணீரும் சொந்த வீடு மாதிரி. ரப்பர் விலை விழுந்தால் பால்வெட்டுக் கூலி கட்டாமல் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிரட்டை மரத்திலேயே இருக்கும். சந்தையில் விலை விழுவதற்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கும் நடுவில் இருப்பது அந்தச் சிரட்டைதான். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது என்பதால் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு விட்டுவிட முடியாது.

இதை யார் செய்வது? கொசு ஒழிப்புப் பணியாளரைத் தினக்கூலிக்கு எடுப்பது பேரூராட்சி. காய்ச்சல் நோயாளியைப் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையம். தோட்டம் தனியாருடையது, அல்லது அரசு ரப்பர் கழகத்துடையது. ஓடை நீர்வளத் துறையின் பொறுப்பு, ரோட்டோரப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஏடிஸ் பொதுவாக நூறு, இருநூறு மீட்டர் தூரம்தான் பறக்கும். அந்தத் தூரத்துக்குள் ஐந்து அலுவலகங்களின் எல்லை வருகிறது.

மாநில எல்லையும் இருக்கிறது. 2021 ஜூலையில் கேரளத்தில் ஸிக்கா காய்ச்சல் முதலில் தெரியவந்தது களியக்காவிளையை ஒட்டிய பாறசாலையில். அதைப் பரப்புவதும் இதே ஏடிஸ்தான். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் கொசுவுக்கு செக்போஸ்ட் கிடையாது. மேற்குக் கடற்கரை மக்கள் அவசரமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதைவிட திருவனந்தபுரம் போவதே அதிகம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளைக்கு அதுதான் பக்கம். அங்கே கண்டுபிடிக்கப்படும் நோய் கேரளத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. 1956 நவம்பர் 1 வரை ஒரே சமஸ்தானமாகவும் மாநிலமாகவும் இருந்த இரண்டு பக்கமும், வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் கணக்கைப் பரிமாறிக்கொள்வதில் என்ன கஷ்டம்? இரண்டு மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளும் நிரந்தரமாக ஒரு பொதுப் பதிவை வைத்துக்கொண்டால் இரு பக்கத்துக்கும் நல்லது.

தண்ணீரின் பாதை முடியும் இடம் கடற்கரை. சுமார் 72 கிலோமீட்டர் நீளம், நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். நிலப்பட்டா போட முடியாத ஒடுங்கிய மணல் துண்டில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். குமரியில் நகரத்தின் நெருக்கம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 1860-இல் திருவிதாங்கூர் ஆட்சியில் வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய் இந்த ஊர்களின் முதுகுப்பக்கமாகப் போகிறது. படகு போக வெட்டிய கால்வாய் பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, சாக்கடையாகக் கிடக்கிறது. முன்னால் கடல் ஏறி வர, பின்னால் இந்தக் கழிவுநீர் தேங்க, நடுவில் குடும்பங்கள். உள்நாட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாதபோது அது நிற்பதும் அங்கேதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்து அதிகம் இழந்தது குமரி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் அடங்க சுமார் 800 பேர். அதன்பின் கட்டிக் கொடுத்த சுனாமி குடியிருப்புகளில் பல, சிறிய கான்கிரீட் வீடுகள். குடும்பம் பெருகியபின் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று குடும்பங்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி. புயல் எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் மீனவர்கள் கரையை விட்டுப் போய்ப் பல நாட்கள் ஆகியிருந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் திரும்பி வராதவர்களின் படங்கள் இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. உடல் கிடைக்காத மரணத்துக்குச் சான்றிதழ் வாங்கவும் தனி உத்தரவு தேவைப்பட்டது. நிவாரணப் பணம் வந்தது. அந்தப் பெண்களின் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்ந்து கூடவே இருக்கும் சிகிச்சை மிகக் குறைவாகவே வந்தது. பேரிடர் என்றால் எண்ணிக்கையோடும் இழப்பீட்டோடும் கோப்பை மூடிவிடும் பழக்கம் நமக்கு. மனநல ஆலோசகர் ஒருவர் மாதத்துக்கு ஒருநாள் அந்தந்த ஊர் ஆலய வளாகத்தில் உட்கார்ந்திருந்தால்கூட எவ்வளவோ மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புயலே இல்லாமலும் கடல் வருகிறது. காற்றும் மழையும் இல்லாத தெளிவான நாளில் திடீரென அலை பெருகி ஊருக்குள் புகுவதைக் கள்ளக்கடல் என்கிறோம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ எழும் புயல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இங்கே அலையாக வந்து சேர்கிறது. 2012-இல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான், 2024 மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. தகவல் இருந்தது, அது கரையில் நின்றவர்களின் காலடி வரை போய்ச் சேரவில்லை. அழிக்கால், பிள்ளைத்தோப்பு மாதிரி ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி வடிந்தபின் கிணறு உப்பாகும், கழிவுக்குழி நிரம்பி வழியும், தோலில் சொறி வரும், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு மக்கள் மறியல் செய்வதைச் செய்தியில் பார்க்கிறோம். ஓர் ஊரில் போட்ட தூண்டில் வளைவு அடுத்த ஊரில் மணலை அரிப்பதும் நடக்கிறது. அதனால் ஊருக்கு ஊர் கேட்டுக் கட்டுவதைவிட, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை முழுக்கரையையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பேசினால், குமரியில் என்ன வெயில், ஊட்டி மாதிரியான ஊர் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். வெப்பமானியில் அப்படித்தான் தெரியும். கடலோர ஊர்களில் 37 டிகிரியும் அதற்கு மேலும் போய், இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கும். குமரியில் அது அபூர்வம். ஆனால் உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடலின் சூடு உள்ளேயே நிற்கும். 34 டிகிரியில் இங்கே ஏற்படும் தளர்ச்சி, வேலூரின் காய்ந்த 39 டிகிரிக்குக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் வைத்தது. நல்ல முடிவு. ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் அளவுகோல் இல்லையென்றால் அந்த அறிவிப்பால் குமரிக்குப் பயன் குறைவு.

ஏனென்றால் இங்கே சூடு தொழிற்கூடத்துக்குள் இருக்கிறது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், வேலை செய்பவர்கள் அநேகமாக எல்லாரும் பெண்கள். கொட்டையை வறுக்கும் அனல், ஓட்டிலிருந்து வரும் எண்ணெயின் எரிச்சல், தகரக் கூரை. கூலி எடைக்கு என்பதால் எழுந்து போய் ஐந்து நிமிஷம் காற்றில் நின்றால் அது சம்பளத்தில் குறையும். கழிப்பறை சரியில்லாத இடங்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. சாமித்தோப்பு உப்பளத்திலும், தோவாளைப் பக்கத்துச் செங்கல் சூளையிலும், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களுக்கும் இதே கஷ்டம்தான். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. கடும் வெயிலில் நடக்க வைப்பது ஒரு பெண்ணின் மானத்தையும் உடலையும் சேர்த்தே தாக்குகிறது. வெப்பத் திட்டம் எழுதுபவர்கள் பஸ்ஸையும் நிழலையும் அதில் சேர்க்க வேண்டும்.

முதியவர்களை மறக்கக் கூடாது. பிறப்பு விகிதம் குறைந்து, பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்விட்ட மாவட்டம் இது. பெரிய வீட்டில் இரண்டு வயதானவர்கள், அல்லது ஒருவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே. ஒக்கிக்குப் பின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், மோட்டார் ஓடினால்தான் மாடித் தொட்டியில் தண்ணீர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து கொடுக்கப் போகும் ஊழியர்களிடம் யார் தனியாக இருக்கிறார்கள் என்ற விவரம் ஏற்கெனவே இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தப் பட்டியலை எடுத்துப் பத்து நாள் மருந்தை முன்கூட்டிக் கொடுப்பதற்குப் புதிதாகப் பணம் எதுவும் வேண்டாம்.

மேலே மலையில் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கும் இதே கதை, வேறு விதத்தில். மழை வலுத்தால் மோதிரமலை, குற்றியாறு பக்கத்துத் தரைப்பாலம் மூழ்கி வழி அடைபடும். பிரசவ வலி வந்தால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க முடியாது. உயர்மட்டப் பாலம் அங்கே மருத்துவ வசதி என்றே எழுதப்பட வேண்டும்.

குமரிக்கு மருத்துவத்தில் நீண்ட மரபு உண்டு. நெய்யூரில் 1838-இலேயே மிஷன் மருத்துவம் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சாமர்வெல் 1920-களில் அங்கே வந்து பல ஆண்டுகள் உழைத்தார். ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த இடம் இன்று அரசு மருத்துவக் கல்லூரி. படித்த மக்கள், கேள்வி கேட்கும் மக்கள். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கமும் எல்லா மாவட்டங்களையும்போல இங்கேயும் அமைக்கப்பட்டிருக்கிறது. இருப்பதை எந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது என்பதே சிக்கல். காய்ச்சல் கணக்கு வட்டாரவாரியாக வருகிறது, வெள்ளக் கணக்கு வருவாய்க் கிராமவாரியாக, குப்பைக் கணக்கு பேரூராட்சிவாரியாக. மூன்றையும் பழையாறு, வள்ளியாறு, குழித்துறைத் தாமிரபரணி என்ற ஆற்றுப் படுகைகளின் மேல் வைத்துப் பார்த்தால், எந்தச் சானலின் கடைவரம்பில் எந்த மாதம் என்ன நோய் வருகிறது என்பது தெரிந்துவிடும். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. குழித்துறை, உண்ணாமலைக்கடை, நல்லூர், பாகோடு என்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களைத் தனித்தனியே எண்ணினால் ஒன்றும் 50,000-ஐத் தொடாது, சேர்த்து எண்ணினால் எளிதாகத் தாண்டும். அடுத்த பத்தாண்டுகளுக்கான திட்டப் பணம் இந்த எண்ணிக்கையை வைத்தே பிரியும். எல்லா ஊர்களையும் மாநகராட்சியோடு இணைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஊராட்சிகளை இணைத்தால் நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி கூடும் என்று மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. இணைக்காமலேயே, ஒட்டிய ஊர்களை ஒரே நகர்ப்புறத் தொகுதியாகக் கருதி நகர்ப்புற சுகாதாரத்துக்கும் கழிவுநீருக்கும் நிதி ஒதுக்கும்படி விதியை மாற்றக் கேட்கலாம். பேரூராட்சி மன்றங்கள் தீர்மானம் போடலாம், சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுப்பலாம். கணக்கெடுப்பு முடிந்து எண்கள் வெளிவருவதற்கு முன்பே அந்தக் கோரிக்கை சென்னைக்கும் டெல்லிக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.